நீலக்கோட்டுக் கப்பு

இந்த நாட்டில் பாகுபாடெல்லாம் இன்னும் இருக்கிறதா என்று என்னிடம் முறையாகக் கேட்டவர் ஒரே ஒருவர்தான். அவர் காப்பி வாங்குவதற்காக அமெரிக்காவிலிருந்து வந்தவர். சேர்வராயன் மலையில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே வேலைக்குப் போன என்னிடம் அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. நான் அவருக்குப் பொய் சொன்னேன். அதையும், அதற்குப் பிறகு என் அம்மாவிடம் சொன்ன இன்னொரு பொய்யையும் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

காப்பியை அவரவரே யாருக்கு வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளலாம் என்று அரசாங்கம் விட்டுவிட்ட பிறகு வந்த வருஷங்கள் அவை. கொட்டச்சேட்டுக்குப் பக்கத்தில் ஓர் எஸ்டேட். அம்மா அங்கே பழம் பறித்தாள். அவளுடைய அம்மாவும் அங்கேதான் பறித்தாள். எங்கள் ஆட்கள் எந்தக் காலத்திலோ கீழே இருந்து மலையேறி வந்தவர்கள். எந்த ஊரிலிருந்து வந்தோம் என்பது எங்களுக்கே மறந்துவிட்டது. எதற்காக நாங்கள் கூலிகளுக்குக் கட்டிய லைன் வீடுகளிலும் மற்றவர்கள் வேறு இடத்திலும் இருக்கிறோம் என்பது மட்டும் யாருக்கும் மறக்கவில்லை. நான் ஏழாவது படிக்கும்போதே அப்பா போய்விட்டார். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் கட்டணமில்லாமல் பன்னிரண்டாவது வரை படித்தேன். அதனால் இங்கிலீஷ் வந்தது. வேலை வரவில்லை. எஸ்டேட் களத்தில் காப்பிக்கொட்டை காயப்போடும் வேலையில் சேர்ந்தேன்.

எனக்கு மூக்கும் நாக்கும் கூர்மை. களத்தில் ஒரு நாள் காய்ந்த குவியலின் பக்கத்தில் போனவள், உள்ளே ஈரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ரைட்டர் கைவிட்டுப் பார்த்தார், இருந்தது. ரைட்டர் என்பவர் எஸ்டேட்டில் ஆள் பதிவு, மூட்டைப் பதிவு எல்லாம் பார்ப்பவர். அவர் மேனேஜரிடம் சொல்ல, மேனேஜர் என்னைக் களத்திலிருந்து ருசி பார்க்கும் அறைக்கு மாற்றினார். ஆறு மாசம் பார்ப்போம், சரியாக வந்தால் டேஸ்டர் என்று நிரந்தர வேலை போட்டுவிடலாம் என்றார். எங்கள் லைனில் பிறந்த யாருக்கும் அதுவரை கூரைக்கடியில் உட்காரும் வேலை கிடைத்ததில்லை. அந்த வேலை எனக்கு வேண்டும். அதற்காக என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன், செய்யவும் செய்தேன்.

காப்பி ருசி பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. அதைச் சொல்லிக் கொடுக்க வெளியூரிலிருந்து ஒருவர் வந்து இரண்டு நாள் தங்கினார். ஒவ்வொரு மூட்டை வகைக்கும் ஐந்து கப் காப்பி போட்டு மேஜையில் வரிசையாக வைக்க வேண்டும். பாலும் சர்க்கரையும் கிடையாது. ருசி பார்க்கிறவர்கள் ஆளுக்கொரு கரண்டி வைத்துக்கொண்டு, ஐந்து கப்பிலும் அள்ளி, சத்தம் வர உறிஞ்சி, வாயில் சுழற்றி, துப்பிவிட்டு, தாளில் எழுத வேண்டும். எல்லாரும் அதே கப்புகளில்தான் அள்ள வேண்டும். எதற்கு ஐந்து என்றால், கொட்டை ஊறும் தொட்டியின் மூலையில் முந்தின நாள் கொட்டை ஒன்று ஒட்டிக்கொண்டு அழுகிவிடும். பார்த்தால் தெரியாது. அந்த ஒரு கொட்டை விழுந்த கப் நாறும், மற்ற நான்கும் நன்றாக இருக்கும். ஐந்தையும் எல்லாரும் ருசித்தால்தான் பிடிபடும்.

எல்லாரும் ஒரே கப்பில் என்று அவர் சொன்னபோது மேனேஜர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். சொல்லிக் கொடுத்தவர் பஸ் ஏறிப் போனார். மறுநாள் காலையில் நான் அறைக்குள் போனபோது ஒவ்வொரு வரிசையிலும் நான்கு வெள்ளைக் கப்பும், வாயோரம் நீலக்கோடு போட்ட ஒரு கப்பும் இருந்தன.

“அந்தக் கடைசிக் கப்பு உன்னுது கண்ணு. தனியா இருந்தா உனக்கும் சௌரியம் பாரு” என்றார் மேனேஜர்.

அவர் கெட்டவர் இல்லை. சேலத்துக்காரர், படித்தவர், அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் ஜீப் கொடுப்பார். நான் பன்னிரண்டாவது தேறியபோது லட்டு கொடுத்தார். கொஞ்சம் உயரத்திலிருந்து என் கையில் போட்டார். ஒரு பூந்தி கீழே விழவில்லை, அவருக்கு அவ்வளவு பழக்கம்.

ஆகவே அந்த அறையில் தினமும் இரண்டு ருசிப் பரீட்சை நடந்தது. மேனேஜர், ரைட்டர், கரடியூரிலிருந்து வரும் ஒரு விவசாயி மூவரும் நான்கு வெள்ளைக் கப்புகளைப் பார்த்தார்கள். நான் நீலத்தைப் பார்த்தேன். கரடியூர்க்காரர் மலையில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் விவசாயக் குடும்பம். தன் ஊர்க் காப்பிப் பழத்தைச் சேர்த்து எஸ்டேட்டுக்குக் கொண்டுவந்து, எங்கள் தொட்டியில் ஊறவைத்து, எங்கள் களத்தில் காயவைத்து விற்பவர். தன் சரக்கு ருசி பார்க்கப்படும்போது தானும் இருக்க வேண்டும் என்று கேட்டு வந்து உட்காருவார். அவருக்கு மேனேஜர் வீட்டு வராந்தாவில் கண்ணாடி டம்ளரில் டீ கிடைக்கும், உள்ளே கூப்பிட மாட்டார்கள். எனக்கு அடுப்படிக்குப் பின்னால் ஆணியில் ஒரு டம்ளர் தொங்கும். வராந்தாவுக்கும் ஆணிக்கும் நடுவில் எத்தனை அடி என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

மூன்றாவது மாசம் கரடியூர்ச் சரக்கு மேஜைக்கு வந்தது. நான் நீலக் கப்பில் அள்ளி உறிஞ்சினேன். அழுகல். சந்தேகமே இல்லை, பழைய வெங்காயக் கூடைக்குள் முகத்தை விட்ட மாதிரி இருந்தது. சொன்னேன். மூவரும் தங்கள் நான்கு கப்புகளையும் இன்னொரு முறை ருசித்தார்கள். நான்கும் சுத்தம்.

“நல்லாத்தானே இருக்குது. என்ன கண்ணு, வெத்தலை கித்தலை போட்டுட்டு வந்தியா?” என்றார் மேனேஜர்.

“இல்லீங்க சார். இந்தக் கப்புல நாறுதுங்க.”

“ஏனுங்க, நொம்ப பாடுபட்டு எடுத்த பழமுங்க. இந்தப் புள்ள இப்படிச் சொன்னா எப்படிங்க?” என்றார் கரடியூர்க்காரர் மேனேஜரைப் பார்த்து. என்னிடம் நேராகப் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை.

யாராவது ஒருவர் கையை நீட்டி என் கப்பில் ஒரு கரண்டி அள்ளியிருந்தால் பேச்சு அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். யாருக்கும் அது தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை, அதைத்தான் இப்போது நினைத்தால் தாங்கவில்லை. நான் வெள்ளைக் கப்பைத் தொட நினைக்கவில்லை, அவர்கள் நீலத்தைத் தொட நினைக்கவில்லை, கொட்டை மட்டும் இது எதையும் பார்க்காமல் ஒரு கப்பில் விழுந்திருந்தது. மேனேஜர் தாளில் “சுத்தம்” என்று எழுதினார். இன்னொரு தடவை இல்லாததைச் சொன்னால் களத்துக்கே போய்விடு என்று என்னிடம் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அந்தச் சரக்கில் ஒரு கிலோ சாம்பிள் அமெரிக்காவுக்குப் போனது. இரண்டு வாரத்தில் பதில் வந்தது. ஐந்து கப் போட்டதில் ஒன்று அழுகல், ஆனால் மற்ற நான்கும் மிக நன்றாக இருப்பதால் நேரிலேயே வந்து பார்க்கிறேன் என்று வாங்குகிறவர் எழுதியிருந்தார். கப்பலில் போனதில் ஏதாவது ஆகியிருக்கும் என்றார் மேனேஜர். சாம்பிள் விமானத்தில் போயிருந்தது.

அந்த மனிதர் வந்து இறங்கினார். வருகிறவர் கறுப்பர் என்று முன்னாலேயே எப்படியோ தெரிந்து, லைனில் இருந்தவர்களெல்லாம் பாதையோரம் வந்து நின்றார்கள். ஜீப்பிலிருந்து இறங்கியவர் என்னைவிட இரண்டு பங்கு சிவப்பாக இருந்தார். என் அம்மாவின் பக்கத்தில் நிறுத்தினால் அவரை வெள்ளைக்காரர் என்றே சொல்லிவிடலாம்.

“ஏங்கண்ணு, இவரையா அங்க கறுப்புன்னு ஒதுக்கறாங்க? அப்ப நம்மளப் பார்த்தா என்ன பண்ணுவாங்க?” என்றாள் அம்மா. அவளுக்கு அது உண்மையான சந்தேகம்.

மேனேஜர் வீட்டுச் சமையற்காரம்மாவுக்கு வேறு சந்தேகம். வெள்ளைக்காரர்கள் வந்தால் பீங்கான் தட்டு, உள்ளூர் ஆட்கள் வந்தால் எவர்சில்வர் தட்டு. இவருக்கு எது? மேனேஜரிடம் போய்க் கேட்டார். மேனேஜர் கொஞ்ச நேரம் யோசித்து, பிளேனில் வந்தவர் ஆகவே பீங்கான் என்று முடிவு சொன்னார்.

சாப்பாட்டின்போது சாம்பிள் பட்டியலோடு நான் கதவோரம் நின்றிருந்தேன். மேனேஜர் வந்தவரிடம் அவர் நாட்டு நிலைமையைப் பற்றி ரொம்ப அக்கறையாக விசாரித்தார். அவர் சின்ன வயதில் அவருடைய அம்மா ஊரில் தண்ணீர் குடிக்க இரண்டு குழாய் இருந்ததாம், இவர்களுக்கு ஒன்று, வெள்ளையர்களுக்கு ஒன்று. இப்போது அந்தக் குழாய்கள் இல்லை, ஆனால் பெரிய கடைக்குள் நுழைந்தால் காவலாளி பின்னாலேயே வருவார் என்றார். வீடு வாடகைக்குக் கேட்டு போன் செய்தால் காலியாக இருக்கிறது என்பார்களாம், நேரில் போனால் காலியாகிவிட்டது என்பார்களாம். மேனேஜர் உச்சுக்கொட்டினார். பக்கத்தில் நின்ற ரைட்டருக்கு அதைத் தமிழில் சொன்னார்.

“ஏனுங்க, மனுசனுக்கு மனுசன் இப்படியா பண்ணுவாங்க? அதுவும் குடிக்கற தண்ணியில” என்றார் ரைட்டர். கண் கலங்கியே விட்டார். நடிக்கவில்லை, அது எனக்குத் தெரியும்.

இங்கே எப்படி என்று வந்தவர் கேட்டார். அதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்தோடு போயிற்று, சுதந்திரத்துக்குப் பிறகு நாங்கள் எல்லாரும் ஒரே குடும்பம் என்றார் மேனேஜர். அத்தாட்சிக்கு என்னைக் காட்டினார். இந்தப் பெண்ணைப் பாருங்கள், கூலி லைனில் பிறந்தவள், இன்று எங்கள் ருசிப் பரீட்சை மேஜையில் எங்களோடு உட்காருகிறாள் என்றார். வந்தவர் என் பக்கம் திரும்பி, அப்படியா, இந்த நாட்டில் பாகுபாடு இன்னும் இருக்கிறதா என்று என்னையே கேட்டார்.

“இல்லை சார்” என்றேன்.

நல்ல இங்கிலீஷில்தான் சொன்னேன். கன்னியர்கள் கேட்டிருந்தால் உச்சரிப்புக்காக சந்தோஷப்பட்டிருப்பார்கள். பிறகு அடுப்படிக்குப் பின்னால் போய் ஆணியிலிருந்த டம்ளரில் தண்ணீர் குடித்தேன்.

அவர் ஊருக்கும் நம் ஊருக்கும் என்ன வித்தியாசம் என்று அப்போது அங்கே நின்று யோசித்தேன். அவர்களுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடுகிறது. நமக்குத் தோலைப் பார்த்தால் தெரியாது, எல்லாரும் ஒரே பானைக் கறுப்பு. அதனால் எந்த ஊருங்க, அங்கே எந்தத் தெருங்க, குலசாமி கோயில் எதுங்க என்று மூன்று கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. அதையும் மரியாதையாக, “ங்க” போட்டுக் கேட்போம். நான்காவது கேள்வி தேவைப்பட்டவரை நான் பார்த்ததில்லை. அவர் நாட்டில் அடையாளம் தெரிவதற்கு வெளிச்சம் வேண்டும். இங்கே போனிலேயே தெரிந்துவிடும்.

மறுநாள் காலையில் ருசிப் பரீட்சை. மூன்று வகைச் சரக்கு, பதினைந்து கப், மூன்று நீலக்கோடு. எதற்கு ஒவ்வொரு வரிசையிலும் ஒன்று வேறு மாதிரி இருக்கிறது என்று வந்தவர் கேட்டார். செட்டில் குறைகிறது என்றார் மேனேஜர்.

மூன்றாவது வரிசைதான் கரடியூர்ச் சரக்கு. நீலக் கப்பில் அள்ளி உறிஞ்சினேன். அதே அழுகல். நான் நிமிர்ந்து பார்த்தேன். மேனேஜர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கரடியூர்க்காரர் கரண்டியைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷத்துப் பழம் அந்த வரிசையில் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது என்று எழுத ஆசைதான். வந்தது பயம். களத்து வெயிலும், அம்மா பறிகூடையை இடுப்பில் கட்டும் விதமும்தான் கண்முன் நின்றன. தாளில் “சுத்தம்” என்று எழுதினேன்.

வந்தவருக்கு எங்கள் ஏற்பாடு தெரியாது. நான்கு வெள்ளையையும் முடித்துவிட்டு, முறைப்படி ஐந்தாவதற்கு வந்தார். மேனேஜர் “சார், அது” என்று ஆரம்பிப்பதற்குள் நீலக் கப்பில் கரண்டி போய்விட்டது. உறிஞ்சினார், துப்பினார், மறுபடி அள்ளி உறிஞ்சினார். என் தாளை எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இந்தக் கப்பை நீங்கள் ருசித்தீர்களா என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்வியில் எனக்கு இரண்டு பக்கமும் அடைத்துவிட்டது. ருசித்தேன், நன்றாக இருந்தது என்றால் எனக்கு நாக்கே இல்லை என்று ஆகும். டேஸ்டர் வேலைக்கு நாக்கில்லாதவளை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். கெட்டிருந்தது தெரியும் என்றால், பிறகு ஏன் பொய் எழுதினாய் என்பார். என் நாக்கு சுத்தம், கைதான் பொய் சொல்லிற்று என்று அந்த ஆளுக்குத் தெரிய வேண்டும் என்பது மட்டும்தான் அப்போது எனக்குப் பெரிதாகப் பட்டது.

“ருசித்தேன் சார். அழுகல். போன தடவையும் சொன்னேன், நம்பவில்லை. மற்ற கப்புகளில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.”

“ஏன் தெரியாது?”

“எனக்கு இந்தக் கப் மட்டும்தான்.”

அவர் மேனேஜரைப் பார்த்தார். பெண்பிள்ளை, ஆண்களோடு சேர்ந்து ருசிக்கக் கூச்சப்படுவாள், அதற்காகச் செய்த வசதி என்றார் மேனேஜர். இவ்வளவு அழகான இங்கிலீஷில் பொய் சொல்ல எனக்கு வராது. வந்தவர் நீலக்கோட்டைப் பார்த்தார். பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. இந்தச் சரக்கை மறுபடி போடுங்கள், ஐந்தும் ஒரே மாதிரி கப்பாக இருக்கட்டும் என்றார். செட்டில் குறைந்த கப்புகளை ரைட்டர் அலமாரியிலிருந்து எடுத்து வந்து, தாள் பிரித்துக் கழுவினார்.

ஐந்து வெள்ளைக் கப் வைத்தாயிற்று. நாங்கள் முதலில், இவள் கடைசியில் என்று மேனேஜர் ஆரம்பித்தார். இல்லை, இவர் முதலில் என்றார் வந்தவர். நான் முதல் கப்பில் கரண்டியை விட்டேன். மேஜையில் கொஞ்சம் சிந்தினேன். இரண்டாவது கப்பில் இருந்தது அழுகல். ஐந்தையும் முடித்துத் தள்ளி நின்றேன். அடுத்து அமெரிக்காவிலிருந்து வந்தவர் ஐந்தையும் ருசித்தார். அடுத்து மேனேஜர்.

காப்பியை உறிஞ்சும்போது கரண்டியில் காப்பி இருந்தால் ஒரு சத்தம், இல்லாவிட்டால் வேறு சத்தம். இருந்தால் ஈரமாகக் கிழியும். இல்லாவிட்டால் வெறும் காற்று, லேசாக விசில் மாதிரி. மாசக்கணக்காக அதே சத்தத்தைக் கேட்டுப் பழகியவள் நான். மேனேஜர் கரண்டியைக் கப்பின் விளிம்புக்குள் கொண்டுபோய், காப்பியைத் தொடாமல் எடுத்து, பெரிதாக உறிஞ்சினார். விசில். வாயில் சுழற்றினார். துப்புவதற்கு எதுவும் இல்லாமல் துப்பினார். ஐந்து கப்பிலும் அப்படியே. ரைட்டர் அதைக் கவனித்து, அதையே செய்தார். கரடியூர்க்காரருக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. முதல் கப்பின் மேல் கரண்டியைப் பிடித்தபடி நின்றார். அவர் சரக்கு, அவர் ஊர் சரக்கு, வாங்க வந்தவர் எதிரில் நிற்கிறார். கடைசியில் காற்றைத்தான் உறிஞ்சினார், ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் வாயைத் துடைத்துக்கொண்டார். அவரைப் பார்க்க எனக்குப் பரிதாபமாக இருந்தது, அதற்காக என்மேலேயே எரிச்சலும் வந்தது.

மூவரும் ஐந்து கப்பும் சுத்தம் என்று எழுதினார்கள். மேனேஜர் “நல்ல மணம்” என்றும் சேர்த்திருந்தார், மணத்துக்குக் கரண்டி தேவையில்லை என்பதால் அது நியாயம்தான். வந்தவரும் நானும் இரண்டாவது கப் அழுகல் என்று எழுதியிருந்தோம். அவர் ஐந்து தாள்களையும் மேஜையில் பரப்பினார். எங்கள் இருவர் தாளை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவருக்கு அந்தச் சத்தம் கேட்டதா என்று எனக்குத் தெரியாது. தொட்டியின் மூலைகளைத் தேய்த்துக் கழுவி, கொட்டையை மறுபடி பொறுக்கச் சொன்னார். கரடியூர்ச் சரக்கு முழுவதையும் தானே எடுத்துக்கொள்வதாகவும், இனி ஒவ்வொரு சாம்பிளும் இந்தப் பெண் கையெழுத்தோடு வர வேண்டும் என்றும் சொன்னார். கையெழுத்து வேண்டுமென்றால் வேலை நிரந்தரமாக வேண்டும். மேனேஜர் அன்று சாயங்காலமே சரி என்றுவிட்டார்.

வீட்டுக்குப் போனபோது அம்மா பறிகூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். லைன் முழுக்கச் செய்தி எனக்கு முன்னாலேயே வந்திருந்தது.

“வேலை நிரந்தரமாயிருச்சும்மா” என்றேன்.

“அது கெடக்குது சாமி. நீ கரண்டி உட்ட கப்புல அவிங்க குடிச்சாங்களா?”

நான் யோசித்திருந்தால் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் முகம் யோசிக்க விடவில்லை.

“குடிச்சாங்கம்மா.”

“மேனேசரு?”

“குடிச்சாரு.”

“கரடியூராரு?”

“அவருந்தான்.”

அம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஈரம் போன பிறகும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து அடுத்த வீட்டுக்குப் போனாள். அதற்கடுத்த வீட்டுக்கும் போனாள். ஒரு வாரத்துக்குள் அந்தக் கதையில் மேனேஜர் கப்பைக் கடைசிச் சொட்டு வரை குடித்து இன்னொன்று கேட்க ஆரம்பித்திருந்தார். நான் திருத்தவில்லை. அவ்வளவு சந்தோஷமாக அம்மாவை நான் பார்த்ததில்லை, கெடுக்க மனசு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தை முடிந்து ஏற்காட்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். கரடியூர்க்காரர் தன் அண்ணனோடும் அண்ணியோடும் அங்கே நின்றிருந்தார். நான் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினேன். அம்மா திரும்பவில்லை. நேரே அவர் முன்னால் போய், நான்கு அடி தள்ளி நின்று, கையெடுத்துக் கும்பிட்டாள்.

“நல்லா இருக்கோணுமுங்க நீங்க. எம்புள்ள கரண்டி உட்ட கப்புன்னு பாக்காம குடிச்சீங்களாமுங்க. எங்காளுங்க யாருமே மறக்க மாட்டமுங்க.”

அண்ணி அவரைத் திரும்பிப் பார்த்தார். “என்ன சொல்லுது அந்தம்மா? எதுல குடிச்சே நீயி?” என்றார். அண்ணன் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓர் அடி தள்ளி நின்றார்.

கரடியூர்க்காரர் என்னைப் பார்த்தார். அதுவரை அவர் என்னை நேராகப் பார்த்ததே இல்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் வீட்டாரிடம் தப்பித்துவிடலாம். ஆனால் அவர் சரக்குக்குக் கையெழுத்துப் போடுகிறவள் எதிரிலேயே நின்றேன். காற்றைக் குடித்துவிட்டுச் சுத்தம் என்று எழுதியதை அவர் வாயால் என் எதிரில் எப்படிச் சொல்வார்? காது வரை வியர்த்துவிட்டது. நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், பேசவில்லை. அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள், அண்ணி முகத்தைப் பார்த்தாள். அவளாக ஒன்றைப் புரிந்துகொண்டாள்.

“இல்லீங்கம்மணி, நாந்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன். அவரு குடிக்கலீங்க. வேற யாரோ குடிச்சதுங்க. வயசாயிருச்சு பாருங்க, ஆளு மாறிப்போச்சுங்க” என்றாள் அண்ணியிடம். சிரித்துக்கொண்டே சொன்னாள். கும்பிட்ட கையை இறக்கிப் பின்வாங்கி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

பஸ் வந்தது. அவர்கள் முன்பக்கம் ஏறினார்கள், நாங்கள் பின்பக்கம் ஏறினோம். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

“பாவங்கண்ணு அவரு. ஒரு வாய் குடிச்சதுக்கு ஊட்டுல இனி என்ன பாடு படுத்துவாங்களோ. நாம் போயி வெளிய சொல்லியிருக்கக் கூடாது” என்றாள்.

அதற்குப் பிறகு அம்மா அந்தக் கதையை யாரிடமும் சொல்லவில்லை. யாராவது கேட்டால்கூட, அது சும்மா சொன்னதுங்க என்றுவிடுவாள். சாகும் வரைக்கும் அந்த மனிதருக்காக அவள் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தாள்.